விடுவதற்கு இரண்டு தட்டு

இரும்பு வகையிலேயே ஸ்பிரிங்கைப் போல ஒரு அடங்காப்பிடாரி கிடையாது. தகர டப்பாவைப் பிரஸ்ஸில் போட்டால் ஒரே அமுக்கில் சப்பையாகிவிடும். கார் கதவைப் போட்டால் கொஞ்சம் முனகிவிட்டு மடங்கிக்கொள்ளும். பழைய மெத்தையைக் கிழித்து எடுத்த ஸ்பிரிங் கூடு இருக்கிறதே, அது மட்டும் நசுங்குகிற மாதிரி நசுங்கும், அமுக்கியதை எடுத்ததும் ‘என்னடா?’ என்று கேட்பது போல எழுந்து நிற்கும். எத்தனையோ பேர் படுத்துப் புரண்டு, சண்டை போட்டு, பிள்ளை பெற்று, செத்தும் போன மெத்தைகள். அத்தனை பாரத்தையும் சுமந்த பிறகும் அதற்குத் திமிர் குறையவில்லை.

அதனால்தான் அந்தப் பழைய இரும்பு யார்டில் ஸ்பிரிங் பிரஸ்ஸுக்கு மட்டும் இரண்டு ஆள். ஒரு ஆள் மோட்டார் பக்கம் நின்று லிவரைப் பிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் கதவுப் பக்கம். உள்ளே அமுக்குப் பலகை ஸ்பிரிங்குகளை நெரித்துப் பிடித்திருக்கும்போதே, கதவில் விட்டிருக்கும் நீளப் பிளவுகள் வழியாகக் கையை நுழைத்து, கட்டுக்கம்பியைக் கொக்கியால் இழுத்துச் சுற்றி முறுக்க வேண்டும். எல்லாக் கம்பியும் முறுக்கி முடிந்த பிறகுதான் பலகை பின்வாங்கலாம். பாதியில் பின்வாங்கினால், உள்ளே அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் பிளவு வழியாகப் பாயும். கையோ முகமோ, எது எதிரில் இருக்கிறதோ அதுதான் அதற்கு. இரண்டு ஆளுக்கும் நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு வேறு நிறுத்தியிருந்தார்கள், பாதுகாப்புக்காம். லிவர்காரன் கண்ணுக்குக் கட்டுக்காரி தெரியமாட்டாள், கட்டுக்காரி கண்ணுக்கு லிவர்காரன் தெரியமாட்டான். குரல் ஒன்றுதான் கணக்கு. ‘பிடி’ என்றால் பிடிக்க வேண்டும், ‘விடு’ என்றால் விட வேண்டும்.

நம் கட்டுக்காரிக்கு அந்த லிவர்காரன் தாலி கட்டிய புருஷன். யார்டில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. “வீட்ல நீ சொல்றத கேக்கறானோ இல்லையோ, இங்க கேட்டுத்தான் ஆகணும்” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? அவனுக்குக் காது கேட்காது.

கொஞ்சம் மந்தம் என்று அவன் சொல்லிக்கொள்வான். மந்தமாவது மண்ணாவது! சுத்தமாகப் போய்விட்டது. அந்த பிரஸ்ஸே தின்றுவிட்டது. முதலில் குருவிச் சத்தம் போனது, பிறகு கதவு தட்டுவது, பிறகு அவள் குரல். டாக்டரிடம் போனபோது, “மிஷின் பக்கமே போகக்கூடாது” என்றார் அந்த மகராசன். பிறகு காதுக்கு ஒரு மிஷின் எழுதிக் கொடுத்தார். காதில் மிஷினை மாட்டிக்கொண்டு போனால் இந்த மிஷினில் நிற்க விடுவார்களா? கிரேன் தலைக்கு மேல் ஆடுகிற இடம், லாரி பின்பக்கமாகவே வருகிற இடம். ஹாரன் கேட்காதவன் என்று தெரிந்தால் லிவரை விடுங்கள், கூட்டிப் பெருக்கக்கூட உள்ளே விடமாட்டார்கள். டப்பா பிரஸ்ஸில் இருந்த ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. அவன் இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். லிவர்காரனுக்கு அந்த வாசல்தான் கனவிலும் வந்தது. “அப்படி உக்காரறதுக்கு அந்தப் பலகைக்குள்ள தலைய குடுத்துடலாம்” என்று ஒரு நாள் சொன்னான்.

ஆகவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பிரஸ்ஸின் இரும்புச் சட்டம் அவள் பக்கத்திலிருந்து அவன் பக்கம்வரை ஒரே துண்டாக ஓடுகிறது. அவன் வலது கை லிவரில், இடது உள்ளங்கை எப்போதும் சட்டத்தின் மேல். கொக்கியின் கைப்பிடியால் அவள் ஒரு தட்டுத் தட்டினால் பிடி. இரண்டு தட்டினால் விடு. மோட்டார் எவ்வளவுதான் அதிர்ந்தாலும் அந்தத் தட்டு அவன் உள்ளங்கையில் தனியாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்காக வாயாலும் ‘பிடி’, ‘விடு’ என்று கத்துவாள். அந்தக் கத்தல் ஊருக்கு, தட்டு அவனுக்கு. வருஷக்கணக்காக இப்படியே ஓடியது. ஒரு கட்டு அவிழவில்லை, ஒரு நகம் பெயரவில்லை.

வெளியிலும் அவள்தான் அவனுக்குக் காது. அவள் உதட்டை மட்டும் அவனால் படிக்க முடியும். மற்றவர் பேசும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான், அவள் எடுத்துச் சொல்லுவாள். நீளமாகத் திட்டினால் சுருக்கிச் சொல்லுவாள். கிண்டல் பண்ணினால் நலம் விசாரித்ததாகச் சொல்லுவாள். குடும்பம் என்றால் இதுகூடச் செய்யாமலா?

அப்போதுதான் அந்த மேஸ்திரி வந்து சேர்ந்தான். இரும்பும் எண்ணெயும் புழங்குகிற யார்டில் தினமும் மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வருவான். அதனால் அவனை எல்லாரும் இஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால். வந்த கையோடு ஏதாவது மாற்றிக் காட்டினால்தான் மேஸ்திரி என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

“புருஷன் பொண்டாட்டி ஒரே மிஷின்லயா? யாரு போட்ட ஏற்பாடு இது?” என்றான். “ஒருத்தருக்கு ஜுரம்னா ரெண்டு பேரும் லீவு. ஒருத்தர் சொந்தக்காரங்க செத்தா ரெண்டு பேரும் லீவு. ரெண்டு பேருக்கும் சண்டைன்னா மிஷினுக்கே லீவு. நாளையிலேருந்து நீ கிழிக்கிற மேஜைக்குப் போ. இங்க வேற ஆள் போடறேன்.”

கிழிக்கிற மேஜை என்றால் மெத்தைத் துணியை அறுத்து, பஞ்சைப் பிடுங்கி, கூட்டைத் தனியாக எடுக்கிற இடம். அவளுக்கு வேலை போகவில்லை. ஆனால் வேற்று ஆள் வந்து வாயால் ‘பிடி’ என்றால் அந்தப் பக்கம் சுவர்தானே நிற்கிறது! ஒரே நாளில் குட்டு உடைந்துவிடும். உடைந்தால் அவன் வாசலில். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது.

“சார், எங்க வீட்லயே ஒரு பொண்ணு இருக்கா சார். அவர் தங்கச்சி. கை சுத்தம், வேகம். அவள போட்டுக்குங்க.”

“திரும்பவும் உங்க குடும்பமேவா?”

“அண்ணன் தங்கச்சி சார். சண்டை போட்டா பேசாம இருப்பாங்களே தவிர, லீவு போட மாட்டாங்க.”

இஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டான். வழியெல்லாம் அவள் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த வாயை அன்றைக்கே தைத்துப் போட்டிருக்கலாம்.

அவன் தங்கச்சியை வீட்டில் சின்னவள் என்பார்கள். கட்டினவன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். இவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. இருக்கிற ஒரே அறையில் குறுக்கே திரை கட்டி அந்தப் பக்கம் படுத்துக்கொள்வாள். வந்ததிலிருந்து வேலை, வேலை என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அண்ணன் என்றால் உசிர். அப்பா அம்மா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான். சின்ன வயதில் அவள் எங்கே விழுந்து அழுதாலும் முதலில் ஓடி வந்தது அவன்தானாம். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

“அண்ணனுக்கு காது கொஞ்சம் மந்தமாயிடுச்சு இல்ல அண்ணி?” என்று வந்த புதிதில் கேட்டாள். “கொஞ்சம்” என்று இவளும் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் சின்னவள் பேசினால் அண்ணன் சிரிப்பான், தலையாட்டுவான், அண்ணி இடையில் புகுந்து பதில் சொல்லுவாள். அண்ணிக்கு வாய் ஜாஸ்தி என்றுதான் சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், சின்னவள் குழாயடிக்குப் போன நேரத்தில், கட்டுக்காரி புருஷன் முன்னால் உட்கார்ந்து உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அவ கிட்ட உண்மைய சொல்லிடலாம். நம்ம பொண்ணுதானே. வெளிய விடமாட்டா.”

அவன் முகம் கறுத்துவிட்டது. “வேணாம்.”

“ஏங்க?”

“அவ என்னை செவிட்டு அண்ணன்னு பாக்க வேணாம். அவளுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம். நானும் உடைஞ்ச சாமான்னு அவளுக்கு தெரியணுமா? தட்ட சொல்லிக்குடு. அது போதும்.”

இதற்கு மேல் அவள் பேசியிருக்க வேண்டும். சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. ஆம்பிளை கண் கலங்கினால் பொம்பிளைக்குப் புத்தி கலங்கிவிடுகிறது, என்ன செய்ய?

மறுநாள் காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்பே சின்னவளைப் பிரஸ் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள். பிளவில் கை முழங்கை வரைக்கும்தான் போகலாம், அதற்கு மேல் கூடாது. கட்டுக்கம்பியை அடியிலிருந்து மேலே இழு. முறுக்கின முனையை உள்பக்கம் மடக்கு. கொக்கி இப்படி, முகம் அப்படி.

“ஒரு தட்டு பிடி, ரெண்டு தட்டு விடு. வாயாலயும் சொல்லு, ஆனா தட்டு முக்கியம்.”

“எதுக்கு அண்ணி தட்டணும்? கத்தினா பத்தாதா?”

“இந்த சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்? தட்டினாதான் நிச்சயம்.”

“என் தொண்டைய பத்தி உங்களுக்கு தெரியாது. அடுத்த தெரு நாயெல்லாம் எழுந்து நிக்கும்!” என்று சிரித்தாள் சின்னவள். இவளும் சிரித்தாள்.

கெட்டிக்காரி, மறுக்க முடியாது. சில நாளிலேயே கை பழகிவிட்டது. இஸ்திரியே நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனான். கிழிக்கிற மேஜையில் பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்றுகொண்டு கட்டுக்காரி காதை அந்தப் பக்கமே வைத்திருப்பாள். ஒரு தட்டு. சிறிது நேரம். இரண்டு தட்டு. கதவு திறக்கிற சத்தம். கட்டு தரையில் விழுகிற சத்தம். அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த மெத்தையைக் கிழிப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கே கண் நிறைந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் கேட்டது, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

சின்னவள் வேலையைக் கற்றது அண்ணியிடம் மட்டுமல்ல. பக்கத்து பிரஸ்களில் கட்டுகிறவர்களையும் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கட்டுக்கம்பியின் துணுக்குகளும் ஸ்பிரிங் முனைகளும் கொக்கியின் வாயில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லாரும் என்ன செய்வார்கள்? பக்கத்தில் இருக்கிற இரும்பில் கொக்கியை டக் டக் என்று தட்டி உதறுவார்கள். யார்டு முழுக்க அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூக்கைச் சிந்துகிற மாதிரி தானாக வருகிற பழக்கம்.

கட்டுக்காரி மட்டும் அப்படித் தட்டினதே இல்லை. அத்தனை வருஷமும் சிக்கினதை விரலாலேயே பிடுங்கி எறிந்தாள். விரல் நுனியெல்லாம் கீறல், ஆறுவதற்குள் அடுத்த கீறல். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. சட்டத்தில் வேறு எதுவும் படக்கூடாது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்?

அன்றைக்கு வந்தது ஏதோ விடுதியிலிருந்து கழித்துக் கட்டிய மெத்தைகள். ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தடி தடியாக, முரட்டுத்தனமாக இருந்தது. பிரஸ் திணறித் திணறித்தான் நெரித்தது. ஒரு தட்டு கேட்டது. சின்னவள் கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று கட்டுக்காரி கத்தியை எடுத்துக்கொண்டாள். பிறகு டக் டக் என்று கேட்டது. ‘அதுக்குள்ளயா?’ என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் சின்னவளின் குரல்.

“அண்ணா பிடி! அண்ணா, அண்ணா, பிடி! பிடிண்ணா!”

அடுத்த தெரு நாய் எழுந்து நிற்குமோ இல்லையோ, யார்டு முழுக்க எழுந்து நின்றது. கிரேன்காரன் நிறுத்திவிட்டான். பக்கத்துக் கொட்டகையில் பழைய காகிதம் கட்டுகிற பெண்கள் ஓடி வந்தார்கள். கட்டுக்காரி கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். சின்னவளின் கை பிளவுக்குள் இருந்தது, சட்டைக் கை எதிலோ மாட்டிக்கொண்டிருந்தது, உருவ முடியவில்லை. இன்னொரு கையில் கொக்கி இருந்தது. ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். அண்ணன் கேட்பான் என்றுதான் அவள் கத்திக்கொண்டே இருந்தாள். பலகை பின்வாங்கிக்கொண்டே போனது. பாதி முறுக்கிய கம்பி அவிழ்ந்து, வெடுக்கென்று பிளவு வழியாக வெளியே வந்து அவள் முகத்தில் அடித்தது.

கட்டுக்காரி தகட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவன் லிவரைக் கடைசிவரை இழுத்துவிட்டு, உள்ளங்கையைச் சட்டத்தில் வைத்தபடி, அடுத்த தட்டுக்காக நின்றுகொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“என்ன, மேஜைய விட்டுட்டு இங்க வந்துட்ட? நல்லா பண்றா இல்ல?” என்றான்.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உதடும் கிழிந்திருந்தது, தையல் போட்டார்கள். மூன்றாம் நாள் அண்ணி கஞ்சி ஊட்டும்போது சின்னவள் ஸ்பூனைத் தள்ளிவிட்டாள்.

“நான் கத்தினது யார்டு முழுக்க கேட்டுச்சாமே அண்ணி. நர்ஸ் கிட்டகூட யாரோ சொல்லியிருக்காங்க.”

கட்டுக்காரி ஸ்பூனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனுக்கு சுத்தமா கேக்காதா?”

“கேக்காது.”

“எவ்வளவு நாளா?”

கட்டுக்காரி தன் விரல்களையே பார்த்தாள். கொக்கியைத் தொட்டு நாளாகியிருந்ததால் கீறலெல்லாம் ஆறிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்தக் கொக்கி, அந்தப் பாழாய்ப்போன பழக்கம். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சின்னவள் அழவில்லை, அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இஸ்திரி விசாரிக்க வந்தான். அன்றைக்கும் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. “லிவர்ல கோளாறா, ஆள்ல கோளாறா?” என்று கேட்டான். சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான்தான் தப்பா தட்டிட்டேன். மோட்டார் பக்கத்துல நிக்கறவருக்கு கத்தினா கேக்காது, அண்ணன் மேல தப்பு ஒண்ணுமில்ல” என்றாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவன் கிளம்பும்போது கட்டுக்காரியைப் பார்த்து, “புது ஆள போட்டது என் தப்பு. நாளையிலேருந்து நீயே கதவுப் பக்கம் நில்லு. நீங்க ரெண்டு பேரும்தான் அதுக்கு சரி” என்றான். பழையபடி எல்லாம் திரும்பிக் கிடைத்துவிட்டது. அதைக் கேட்டு அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சின்னவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று லிவர்காரன் சாப்பிடவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் கேட்காததை இப்போது கேட்டான். குரல் கட்டுக்கடங்காமல் பெரிதாக வந்தது, அவனுக்குத் தெரியவில்லை.

“ரெண்டு தட்டு வந்துச்சு. வந்துதான் விட்டேன். சத்தியமா வந்துச்சு. அவ தட்டினாளா, இல்ல என் கையும் போச்சா? அவள கேளு. என் மேல தப்புன்னா நாளைக்கே லிவர விட்டுடறேன். வாசல்ல உக்காந்துக்கறேன். எனக்கு தெரியணும்.”

சின்னவள் திரையை விலக்கிக்கொண்டு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் பாதி கட்டு. உதடு வீங்கித் தையலோடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மெல்லத்தான் பேச முடிந்தது.

“நான் விடுன்னு தட்டல அண்ணா. கொக்கியில கம்பி சிக்கிக்கிச்சு, அத உதறினேன். பலகை நகந்ததும் உன்ன கூப்பிட்டேன். உனக்கு கேக்கும்னு நெனச்சு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கேக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கத்தாம ஒரு தட்டு தட்டியிருப்பேனே. கொக்கி கையிலதான இருந்துச்சு. ஏண்ணா சொல்லல?”

அவன் அவள் உதட்டையே உற்றுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை. பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

“என்ன சொல்றா?”

கட்டுக்காரி நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால் இவன் நாளைக்கு லிவரோடு உயிரையும் விட்டுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அவன் முகத்துக்கு நேரே வந்து, உதட்டை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“அவசரத்துல அவதான் ரெண்டு தட்டு தட்டிட்டாளாம். உங்க மேல ஒரு குத்தமும் இல்லையாம். தன்ன மன்னிச்சுக்க சொல்றா.”

அவன் அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதும் வெளியே வந்தது. எழுந்து போய்த் தங்கச்சியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். சின்ன வயதில் விழுந்து அழும்போது அணைத்துக்கொள்வானே, அதே மாதிரி.

“விடு கண்ணு. புதுசுல யாருக்கும் வர்ற தப்புதான். அண்ணனுக்கு உன் மேல கோவமே இல்ல. மன்னிச்சிட்டேன், போ” என்று தட்டிக் கொடுத்தான்.

அவன் இடுப்பு ஓரமாகச் சின்னவள் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருக்கிற ஒரு கண்ணால். அண்ணி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருக்கிற மாதிரி வெகு நேரம் பார்த்தாள். கட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு சின்னவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்து, அவனுக்குப் புரிகிற மாதிரி, சரி என்று தலையாட்டினாள்.